முதல் வருட பிஸ்னஸ் ஸ்டாட்ஸ் (வணிகப் புள்ளிவிபரவியல்): மாதிரிப் பரம்பலில் நிற்கிறேன், எப்படிக் கடப்பது?

தாரகை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவ பீடத்தில் முதலாம் வருடம் படிக்கிறேன். உயர்தரத்தில் கணக்கீடு, பொருளியல், வணிகக்கல்வி எடுத்தவள். வணிகப் புள்ளிவிபரவியலை ஒரு பாடமாக எடுத்த பிள்ளைகளும் எங்கள் பட்சில் இருக்கிறார்கள். அவர்களுக்கு இந்தப் பாடத்தில் பாதி ஏற்கனவே தெரியும். எனக்கு எல்லாமே புதிது, அதுவும் ஆங்கிலத்தில்.

இடை (சராசரி), இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் பெறுமானம்), நியம விலகல் (தரவு எவ்வளவு பரந்து கிடக்கிறது என்ற அளவு), நிகழ்தகவு எல்லாம் ஓரளவு வந்துவிட்டது. செவ்வன் பரம்பல் (மணி வடிவ வளையி) அட்டவணை பார்க்கவும் தெரியும். மாதிரிப் பரம்பல் தொடங்கியதிலிருந்துதான் லெக்சரில் என்ன நடக்கிறது என்றே பிடிபடவில்லை. சில கணக்குகளில் நியம விலகலால் வகுக்கிறார்கள். சிலவற்றில் அந்த நியம விலகலையே முதலில் ஒரு வர்க்கமூலத்தால் வகுத்துவிட்டு, அதனால் வகுக்கிறார்கள். எப்போது எது? அடுத்தது கருதுகோள் சோதனை என்கிறார்கள். இது தெரியாமல் அது விளங்காது என்பது மட்டும் தெரிகிறது.

இன்கோர்ஸ் (இடையில் வைக்கும் பரீட்சை) நெருங்குகிறது. படித்து முடித்த அண்ணாமார், அக்காமார், எதில் நேரம் போடுவது என்று சொல்லுங்கோ.

வல்லையூரான்

தங்கச்சி, கடந்த வருட வினாத்தாள்களை எடுத்துத் திரும்பத் திரும்பச் செய்யுங்கோ. கேள்வியின் அமைப்பு பெரிதாக மாறாது. கேள்வியில் ‘மாதிரியின் இடை’ என்று வந்தால் வர்க்கமூலம் போடுவது, வராவிட்டால் போடாமல் விடுவது. எங்கள் பட்சில் நிறையப் பேர் அப்படித்தான் பாஸ் பண்ணினோம். ஏன் என்று தேடப் போனால் நேரம் போய்விடும், மற்றப் பாடங்களும் இருக்கின்றன.

நீர்வேலி அக்கா

நான் இறுதி வருடம். ஜூனியர் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் குப்பி (மாணவர்களே நடத்தும் உதவி வகுப்பு) எடுக்கிறேன். வல்லையூரான் அண்ணா சொன்ன வழியில் முதல் வருடப் பரீட்சையைக் கடக்கலாம், அதை மறுக்கவில்லை. ஆனால் இறுதி வருடத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதும்போது அதே பிள்ளைகள் படும் பாட்டை நான் பார்க்கிறேன். வினாக்கொத்து கொடுத்து, தரவு சேர்த்து, கணினியில் போட்டு, ஒரு பக்க விடை வந்துவிடும். அந்த விடையில் ‘நியம வழு’ என்று ஒரு நிரல் இருக்கும். அது என்ன, ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மேற்பார்வையாளர் கேட்கும் முதல் கேள்வியே அதுவாகத்தான் இருக்கும்.

தாரகை, நீங்கள் நிற்கும் இடம்தான் இந்தப் பாடத்தின் நடு முடிச்சு. அதற்கு முன்னால் வருவது எல்லாம் கையில் இருக்கும் தரவைச் சுருக்கிச் சொல்வது. அதற்குப் பின்னால் வருவது எல்லாம் கையில் இல்லாததைப் பற்றிச் சொல்வது. ஆகவே நேரம் போடுவதென்றால் இங்கே போடுங்கோ. வட்ட வரைபு, சலாகை வரைபு, தண்டு இலை வரைபு இதெல்லாம் ஒரு பின்னேரத்தில் முடிந்துவிடும்.

பழைய வாத்தியார்

கன காலம் உயர்தரப் பிள்ளைகளுக்கு வணிகப் புள்ளிவிபரவியல் படிப்பித்தவன் என்ற உரிமையில் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். பிள்ளை பொறுமையாக வாசிக்க வேண்டும், பக்கத்தில் ஒரு கொப்பியும் இருக்க வேண்டும்.

உங்களுக்கு பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் ஸ்கோர் தெரியும். யாழ்ப்பாணத்தில் உயர்தரம் எழுதிய பிள்ளை ஒன்றுக்கு அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. ஒரு பாடத்தில் உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் இடையைக் கழித்து, நியம விலகலால் வகுக்கிறார்கள். மூன்று பாடங்களுக்கும் அப்படி எடுத்துச் சராசரி பார்க்கிறார்கள். ஏன் வெறும் புள்ளியைக் கூட்டாமல் இப்படிச் செய்கிறார்கள்? ஒரு பாடத்தில் 70 எடுப்பது இலகுவாக இருக்கலாம், இன்னொன்றில் 55 எடுப்பதே பெரிய காரியமாக இருக்கலாம். இடையிலிருந்து எத்தனை நியம விலகல் தள்ளி நிற்கிறீர்கள் என்று அளந்தால்தான் இரண்டையும் ஒன்றோடொன்று ஒப்பிட முடியும்.

இங்கே அளக்கப்படுவது ஒரு தனிப் பிள்ளை. அதனால் தனிப் பிள்ளைகளின் புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றனவோ அதால் வகுக்கிறோம்.

இப்போது கேள்வியை மாற்றுவோம். சுன்னாகத்தில் ஒரு ஆலையில் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் அரைத்துப் பைக்கற் போடுகிறார்கள் என்று வையுங்கோ (கற்பனைக் கணக்குத்தான்). பைக்கற்றின் இடை நிறை 500 கிராம், நியம விலகல் 12 கிராம், பரம்பல் செவ்வன். ஒரு பைக்கற்றை எடுத்தால் அது 494 கிராமுக்குக் குறைவாக இருக்க நிகழ்தகவு என்ன? 494 இலிருந்து 500 ஐக் கழித்தால் மறை 6 (−6). அதை 12 ஆல் வகுத்தால் மறை 0.5. அட்டவணையில் 0.3085. ஏறக்குறைய 10 பைக்கற்றில் 3. அதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்காது.

அடுத்து, 36 பைக்கற்றை எடுத்து நிறுத்து, அவற்றின் இடையைக் கணிக்கிறோம். அந்த இடை 494 இலும் குறைவாக வர நிகழ்தகவு என்ன? கூட்டத்தில் சில பைக்கற் 480 ஆக இருக்கும், சில 515 ஆக இருக்கும், சேர்த்துச் சராசரி எடுக்கும்போது ஏற்றமும் இறக்கமும் ஒன்றையொன்று தின்றுவிடும். அதனால் 36 இன் இடை 500 ஐ விட்டு அதிகம் தள்ளிப் போகாது. எவ்வளவு தள்ளிப் போகும் என்பதற்குத்தான் அந்த வர்க்கமூலம்: 12 ÷ √36 = 2. இடைகளின் பரம்பலுக்கு நியம விலகல் 2 கிராம். நியம வழு என்பது இதுதான். இப்போது மறை 6 ஐ 2 ஆல் வகுத்தால் மறை 3. அட்டவணையில் 0.00135. ஆயிரத்தில் ஒன்று என்ற அளவு.

அதே ஆலை, அதே 494. ஒரு பைக்கற் என்றால் சாதாரணம், 36 இன் இடை என்றால் மிக அபூர்வம். இந்த இரண்டு விடைகளையும் கொப்பியில் அருகருகே எழுதி வையுங்கோ.

ஆகவே ‘எப்போது எது’ என்பதற்கு விடை: கேள்வி எதன் நிகழ்தகவைக் கேட்கிறது என்று பாருங்கோ. ஒரு பொருளா, பல பொருட்களின் சராசரியா? கேள்வியில் என்ன சொல் வந்தது என்று தேடினால் ஒருநாள் ஏமாற்றிவிடும். ‘36 பைக்கற்றுகள் அடங்கிய பெட்டியின் மொத்த நிறை 17,784 கிராமுக்குக் குறைவாக இருக்க’ என்று கேட்டால் ‘மாதிரி’யும் இல்லை, ‘இடை’யும் இல்லை. 17,784 ஐ 36 ஆல் வகுத்துப் பாருங்கோ, அதே 494 தான்.

வல்லையூரான்

வாத்தியார் சொன்ன கடைசி உதாரணம் நல்லது. அந்தப் பெட்டிக் கேள்வியை நான் சொன்ன வழியில் செய்ய முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் வினாத்தாள் செய்யாமல் விளக்கத்தை மட்டும் வாசித்துக்கொண்டிருந்தால் பரீட்சை மண்டபத்தில் நேரம் காணாது. இரண்டும் வேண்டும்.

தாரகை

சேர், மிகவும் நன்றி. 0.3085 உம் 0.00135 உம் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். முதன்முறையாக விளங்கியது போல இருக்கிறது. ஒரு சந்தேகம். பரம்பல் செவ்வன் என்று சொல்லாவிட்டால் என்ன செய்வது? எங்கள் நோட்ஸில் 30 என்று ஒரு எண் அடிக்கடி வருகிறது.

பழைய வாத்தியார்

மைய எல்லைத் தேற்றம் அங்கேதான் கைகொடுக்கிறது. தனித்தனிப் பெறுமானங்களின் பரம்பல் கோணலாக இருந்தாலும், மாதிரி பெரிதாகப் பெரிதாக இடைகளின் பரம்பல் செவ்வனை நெருங்கிக்கொண்டு போகும். 30 என்பது நடைமுறைக்கு வைத்துக்கொண்ட ஒரு அளவு. 29 இல் பிழைத்து 31 இல் சரிவரும் என்று ஒன்றும் இல்லை. பரம்பல் மிகவும் கோணலாக இருந்தால் 30 கூடப் போதாது.

பிள்ளைகள் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மாதிரி பெரிதானால் தரவு செவ்வனாக மாறும் என்று எழுதுகிறார்கள். தரவு அப்படியேதான் இருக்கும். கோணலான வருமானத் தரவை ஆயிரம் பேரிடம் சேர்த்தாலும் கோணலாகத்தான் இருக்கும். செவ்வனை நெருங்குவது இடைகளின் பரம்பல்.

கடன்பிரிவு

வருமானம் என்று வாத்தியார் சொன்னதால் எழுதுகிறேன். இதே பீடத்தில் படித்து இப்போது வங்கியில் கடன் விண்ணப்பங்கள் பார்க்கிறேன். முதல் அத்தியாயத்தை ஒரு பின்னேரத்தில் முடிக்கலாம் என்று நீர்வேலித் தங்கச்சி சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. வேலையில் எனக்கு மிக அதிகம் பயன்பட்டது அந்த அத்தியாயம்தான்.

தொகைமதிப்புப் புள்ளிவிபரத் திணைக்களம் 2019 இல் நடத்திய குடும்ப வருமான, செலவின அளவீட்டை எடுங்கோ. இலங்கையில் ஒரு குடும்பத்தின் மாத வருமானத்தின் இடை 76,414 ரூபாய். இடையம் 53,333 ரூபாய். இரண்டுக்கும் இடையில் 23,000 ரூபாய்க்கு மேல். மேல்தட்டில் உள்ள கொஞ்சக் குடும்பங்களின் பெரிய வருமானம் இடையை மேலே இழுத்துவிடுகிறது, இடையம் அசையாமல் நிற்கிறது. ‘சராசரிக் குடும்பம் 76,000 உழைக்கிறது’ என்று நினைத்துக்கொண்டு ஒருவர் கடையோ திட்டமோ போட்டால், நாட்டில் பாதிக் குடும்பங்கள் 53,333 க்குக் கீழேதான் என்பதைத் தவறவிடுவார். ‘இடை இடையத்தை விடப் பெரிதெனில் நேர்க்கோணல்’ என்று பாடமாக்கும் வரிக்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சுட்டெண்களையும் விட்டுவிடாதீர்கள். எங்கள் வாடிக்கையாளர்கள் கேட்பார்கள்: “பணவீக்கம் குறைந்துவிட்டது என்று செய்தியில் சொல்கிறார்கள், திருநெல்வேலிச் சந்தையில் ஒன்றும் குறையவில்லையே?” கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி 2022 செப்டெம்பரில் வருடாந்தப் பணவீக்கம் 69.8 சதவீதம். அடுத்த வருட செப்டெம்பரில் 1.3 சதவீதம். 2021 செப்டெம்பரில் 100 ரூபாய் கொடுத்து வாங்கிய கூடை ஒரு வருடத்தில் ஏறக்குறைய 170 ரூபாய். அதற்கடுத்த வருடம் 172. இடையில் அடிப்படை ஆண்டை மாற்றினார்கள் என்பதால் இதைத் தோராயமாகத்தான் எடுக்க வேண்டும். ஆனால் விஷயம் தெளிவு: ஏறும் வேகம்தான் நின்றது, ஏறிய விலை மேலேயே நிற்கிறது. அதோடு, பெயரிலேயே இருப்பது போல அந்தச் சுட்டெண்ணுக்கு விலை எடுப்பது கொழும்பில். எங்கள் பக்கத்து விலைகளும் சேரும் சுட்டெண் வேண்டுமென்றால் தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண்ணைப் பார்க்க வேண்டும்.

நீர்வேலி அக்கா

கடன்பிரிவு அண்ணா சொன்னது சரி. வரைபுகளைத்தான் ஒரு பின்னேரம் என்றேன், இடையையும் இடையத்தையும் அல்ல. இந்த வருமான உதாரணத்தை அடுத்த குப்பியில் எடுக்கப் போகிறேன்.

முற்றத்துவேம்பு

நான் 2012 குடிசனக் கணக்கெடுப்பில் வீடு வீடாகப் போன கணக்கெடுப்பாளர்களில் ஒருவன். புள்ளிவிபரப் பாடம் படிக்கும் பிள்ளைகள் இதையும் தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். 1981 இற்குப் பிறகு நாடு முழுவதையும் உள்ளடக்கிய கணக்கெடுப்பு 2012 இல்தான் நடந்தது. 2001 இல் எடுத்தபோது வடக்கில் முழுமையாக எடுக்க முடியவில்லை. முப்பது வருடங்கள் எங்கள் மாவட்டத்தைப் பற்றிச் சொல்லப்பட்ட எண்கள் எல்லாம் மதிப்பீடுகள்தான். ஒரு வீட்டுப் படலையில் நின்று ‘எத்தனை பேர்’ என்று கேட்டு எழுதும்போது அந்தப் பாரம் எனக்குத் தெரிந்தது.

இன்னொன்று. 1981 இல் யாழ்ப்பாண மாவட்டத்தில் ஏறக்குறைய 8 இலட்சத்து 30 ஆயிரம் பேர் என்றும், 2012 இல் ஏறக்குறைய 5 இலட்சத்து 83 ஆயிரம் என்றும் பக்கத்தில் பக்கத்தில் போட்டு எழுதுகிறார்கள். 1981 எண்ணுக்குள் கிளிநொச்சியும் இருக்கிறது. 1984 இல்தான் அது தனி மாவட்டமானது. கிளிநொச்சியைக் கழித்தால் 1981 இல் சுமார் 7 இலட்சத்து 39 ஆயிரம். இழப்பு பெரியது, அதில் யாருக்கும் சந்தேகம் வேண்டாம். அந்த இழப்பைச் சொல்லும் எண் சரியாக இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆதங்கம். ஒரு எண்ணைக் கையில் எடுத்தால் அது எந்த எல்லைக்குள் எண்ணப்பட்டது என்று முதலில் கேளுங்கோ, பிள்ளைகளே.

பழைய வாத்தியார்

ஐயா சொன்னதை எங்கள் பாடப்புத்தகத்தில் ‘குடித்தொகையை வரையறுத்தல்’ என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நன்றி.

தாரகை

எல்லோருக்கும் நன்றி. நேற்று கருதுகோள் சோதனை லெக்சர் நடந்தது. படிமுறைகளை எழுதிவிட்டேன்: சூனியக் கருதுகோள் (சோதிக்க எடுக்கும் கூற்று), மாற்றுக் கருதுகோள் (அதற்கு எதிரானது), பொருண்மை மட்டம் (நிராகரிக்க வைக்கும் நிகழ்தகவு எல்லை), சோதனைப் புள்ளிவிபரம், முடிவு. ஒரு வால், இரண்டு வால் என்பதுதான் குழப்பம். அதோடு சூனியக் கருதுகோளை ‘ஏற்கிறோம்’ என்று எழுதக்கூடாது, ‘நிராகரிக்கப் போதிய ஆதாரம் இல்லை’ என்றுதான் எழுத வேண்டும் என்றார் மிஸ். இரண்டும் ஒன்றுதானே?

பழைய வாத்தியார்

அந்த ஆலைக்கே திரும்பிப் போவோம். இடை நிறை 500 கிராம் என்று ஆலை சொல்கிறது. நுகர்வோர் பக்கத்திலிருந்து ஒருவர் 36 பைக்கற்றை நிறுக்கிறார். இடை 495. நியம வழு 2 என்று ஏற்கனவே கண்டோம். ஆகவே மறை 5 ஐ 2 ஆல் வகுக்க மறை 2.5.

நுகர்வோருக்குப் பயம், நிறை குறைந்துவிட்டதோ என்பது மட்டும்தான். கூடினால் அவருக்கு நட்டமில்லை. அது ஒரு வால். இடை உண்மையில் 500 ஆக இருந்தால், மறை 2.5 அல்லது அதற்கும் கீழே வர நிகழ்தகவு 0.0062. ஆலைக்காரரே தன் இயந்திரத்தைச் சோதிக்கிறார் என்றால் குறைந்தாலும் பிரச்சினை, கூடினாலும் தூள் வீண். அவருக்கு இரண்டு வால், அந்த நிகழ்தகவு (பி பெறுமானம்) இரு மடங்காகி 0.0124. 5 சதவீத மட்டத்தில் இரண்டு பேரும் நிராகரிப்பார்கள். 1 சதவீத மட்டத்தில் நுகர்வோர் நிராகரிப்பார், ஆலைக்காரர் நிராகரிக்க முடியாது. ஒரே தரவு, முடிவு வேறு. அதனால்தான் எந்த வால் என்பதைத் தரவைப் பார்ப்பதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும் என்று வற்புறுத்துகிறோம். 495 ஐப் பார்த்துவிட்டு ‘அப்படியென்றால் ஒரு வால் எடுப்போம்’ என்பது நேர்மையான வேலை இல்லை.

உங்கள் மற்றக் கேள்விக்கு: 36 இற்குப் பதிலாக 4 பைக்கற் மட்டும் நிறுத்து அதே 495 வந்தது என்று வையுங்கோ. நியம வழு 12 ÷ √4 = 6. இப்போது மறை 5 ஐ 6 ஆல் வகுக்க மறை 0.83. நிராகரிக்க முடியாது. அதற்காக ஆலை சரியாக 500 போடுகிறது என்று நிரூபணமாகிவிட்டதா? இல்லை. உண்மையில் இடை 495 ஆகவே இருந்தாலும் 4 பைக்கற்றால் அதைப் பிடிக்க முடியாமல் போயிருக்கலாம். ‘ஏற்கிறோம்’ என்று எழுதினால் தெரியாத ஒன்றைத் தெரியும் என்று எழுதுகிறீர்கள். மிஸ் சொன்னது சரி.

மானிப்பாய்

இடையில் வருவதற்கு மன்னிக்கவும். நானும் முதல் வருடம்தான். 12 என்ற நியம விலகல் முன்கூட்டியே எப்படித் தெரியும்? நிஜத்தில் தெரியாதே.

நீர்வேலி அக்கா

தெரியாது. அதற்குத்தான் அடுத்த கிழமை டீ பரம்பல் வரும். மாதிரியிலிருந்தே நியம விலகலைக் கணித்துப் போடும்போது இன்னொரு நிச்சயமின்மை கூடச் சேருகிறது. சிறிய மாதிரியில் அது பெரிய விஷயம். டப்ளினில் கின்னஸ் மதுவடி ஆலையில் வேலை செய்த வில்லியம் கொசெட் என்பவருக்கு இதே சிக்கல். கையில் இருந்ததெல்லாம் சிறிய மாதிரிகள். 1908 இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரையிலிருந்துதான் இந்தப் பரம்பல் வந்தது. டீ வளையியின் வால்கள் தடித்திருக்கும், மாதிரி பெரிதாகும்போது செவ்வனோடு ஒட்டிவிடும். அட்டவணையின் கடைசி வரிசையில் 1.96 இருப்பதைப் பாருங்கோ.

கல்குலேட்டரிலும் கவனம். புள்ளிவிபர முறையில் நியம விலகலுக்கு இரண்டு விடை காட்டும். ஒன்று மாதிரி அளவால் வகுத்தது, மற்றது அதில் ஒன்று குறைத்து வகுத்தது. மாதிரித் தரவு என்றால் இரண்டாவது. எக்செலிலும் எஸ் என்று முடியும் சார்பு, பி என்று முடியும் சார்பு என இரண்டு இருக்கின்றன. மாதிரிக்கு எஸ். 36 பைக்கற்றில் வித்தியாசம் சிறிது, 5 பைக்கற்றில் விடையே மாறும்.

வல்லையூரான்

தாரகை, பிற்செலவும் (ஒன்றை வைத்து மற்றதை எதிர்வுகூறும் கோடு) இணைபும் (இரண்டுக்கும் உள்ள தொடர்பின் அளவு) கடைசியில் அவசரமாக ஓடும். சூத்திரம் நீளமாக இருப்பதால் பயப்படுவார்கள், ஆனால் அட்டவணை போட்டு நிரல் நிரலாகக் கூட்டினால் புள்ளி நிச்சயம். ஒன்று மட்டும்: தரவு இருக்கும் வீச்சுக்கு வெளியே கோட்டை நீட்டி எதிர்வுகூற வேண்டாம். வெங்காயம் 5 பரப்பிலிருந்து (பரப்பு என்பது எங்கள் பக்கத்துக் காணி அளவு) 20 பரப்பு வரை செய்தவர்களின் கணக்கை வைத்து 200 பரப்புக்கு விடை சொல்லக்கூடாது.

தாரகை

இன்று நானும் இரண்டு சிநேகிதிகளும் பெட்டிக் கணக்கையும் ஒரு வால், இரண்டு வால் கணக்கையும் எண்களை மாற்றி மாற்றிச் செய்தோம். 95 சதவீத நம்பிக்கை ஆயிடையும் (உண்மையான இடை இருக்கக்கூடிய வீச்சு) அதே 2 ஐ வைத்துத்தானே? 495 இற்கு இருபுறமும் 1.96 தடவை 2. 491.08 இலிருந்து 498.92 வரை. 500 அதற்குள் இல்லை, 5 சதவீதத்தில் இரண்டு வால் சோதனையும் நிராகரித்தது. இரண்டும் ஒன்றோடொன்று பொருந்துவது சரிதானா, தற்செயலா?

பழைய வாத்தியார்

தற்செயல் இல்லை பிள்ளை. ஒரே கணக்கை இரண்டு பக்கத்திலிருந்து செய்திருக்கிறீர்கள். 99 சதவீத ஆயிடையையும் கண்டு பாருங்கோ, 1.96 இற்குப் பதில் 2.576. அதற்குள் 500 வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஆலைக்காரர் 1 சதவீதத்தில் ஏன் நிராகரிக்க முடியவில்லை என்பதோடு ஒப்பிடுங்கோ.

நீர்வேலி அக்கா

தாரகை, மானிப்பாய், இரண்டு பேரும் சனிக்கிழமை குப்பிக்கு வாங்கோ. டீ அட்டவணையும் கல்குலேட்டரும் கொண்டுவர வேண்டும். வினாத்தாள்கள் நான் பிரதி எடுத்து வைக்கிறேன்.